பம்பும் குண்டும் ஒரே சொல்தான்: ஸ்பானிஷ் ராணுவச் சொற்களுக்குள் நுழைய ஒரு வழி

ஸ்பானிஷில் 'பொம்பா' என்றால் வெடிகுண்டு. இது ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு, ஒரு ராணுவப் போக்குவரத்து விமானத்தின் பராமரிப்புக் கையேட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். 'பொம்பா தே கொம்புஸ்தீப்லே' என்று ஒரு வரி வந்தது. ராணுவ விமானம்தானே, குண்டு இருக்கும் என்று நினைத்து 'எரிபொருள் குண்டு' என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை மொழிபெயர்ப்பு கேட்டிருந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் பொறியாளர் அக்கா போனில் கூப்பிட்டார். "தம்பி, இன்ஜினுக்கு எரிபொருள் தள்ளுற பம்பைத்தான் அதுல சொல்றாங்க. நீங்க குண்டுன்னு எழுதியிருக்கீங்க. இதைப் படிச்சுட்டு ஒருத்தர் அந்தப் பக்கமே போகாம நின்னுட்டா அந்த வேலை யாரு பார்ப்பா?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை, ஆனால் எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. ஸ்பானிஷில் ராணுவத்துக்கென்று தனியாக ஒரு மொழி கிடையாது. வீட்டில், சமையலறையில், கடைத்தெருவில் புழங்கும் சொற்களேதான் சீருடை போட்டுக்கொண்டு வருகின்றன. அதனால் ஆயுதப் பெயர்களை ஐம்பது ஐம்பதாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு சொல்லையும் அதன் வீட்டு அர்த்தத்தோடு சேர்த்துப் படியுங்கள். இரண்டும் சேர்ந்தே மனதில் நிற்கும், தப்பும் குறையும்.

இது யாருக்குத் தேவைப்படும்? பெங்களூரில் விமானத் துறையில் இருப்பவர்களுக்குத் தேவைப்படலாம். 2021ல் இந்தியா 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது, அதில் 16 ஸ்பெயினின் செவில் நகரத்தில் இருந்து வர வேண்டியவை, மீதி 40 வதோதராவில் கட்டப்படுபவை. அப்புறம் அமைதிப்படைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தெற்கு லெபனானில் ஐ.நா. படையின் கிழக்குப் பிரிவுக்கு ஸ்பெயின் ராணுவம் பல வருடம் தலைமை தாங்கியிருக்கிறது, நம் பட்டாலியனும் அதே பிரிவில்தான் இருந்தது. இதெல்லாம் இல்லாமல் லத்தீன் அமெரிக்க வரலாற்றை அந்த மொழியிலேயே படிக்க ஆசைப்படுகிறவர்களும் உண்டு. யாராக இருந்தாலும் ஏ1 அளவுக்கு, அதாவது இரண்டு மூன்று மாத வகுப்பு அளவுக்கு, ஸ்பானிஷ் தெரிந்த பிறகு இதற்குள் வாருங்கள்.

முதல் வேலை: காதையும் நோட்டையும் தயார் செய்வது

இதில் தமிழ் பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஸ்பானிஷின் 't' நம் 'த'தான், 'ட' இல்லை. 'பிஸ்தோலா' என்று பல்லில் நாக்கு படச் சொல்லுங்கள், சரியாக இருக்கும். இன்னொன்று, இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை: இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் 'b', 'd', 'g' ஒலிகளை ஸ்பானியர்கள் மெதுவாக்கிவிடுவார்கள், நாம் 'அது', 'விதை' என்று சொல்லும்போது 'த' எப்படி மெதுவாகிறதோ அதே மாதிரி. படைவீரருக்கு 'சொல்தாதோ' என்று பெயர், அதன் கடைசி எழுத்தை 'அதோ' என்பதில் வருவது போலச் சொன்னால் போதும். அழுத்தமான ஒலி வேண்டிய இடத்தில் நோட்டில் மெய்யை இரட்டித்து எழுதிக்கொள்ளுங்கள். 'காபோ' என்று ஒற்றைப் 'ப' போட்டால் படையில் கார்ப்பரல். 'காப்போ' என்று இரட்டித்தால் வேறு சொல். நம் எழுத்துமுறை சொல்லின் நடுவில் இந்த வித்தியாசத்தை அழகாகக் காட்டிவிடுகிறது.

சொல்லின் முதலில்தான் சிக்கல். துப்பாக்கிக் குண்டுக்கும் 'பாலா', மண்வெட்டிக்கும் 'பாலா'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் குண்டுக்கு 'பலம்' என்பதில் வரும் ப, மண்வெட்டிக்கு 'பலாப்பழம்' என்பதில் வரும் ப. பதுங்குகுழி வெட்டும் இடத்தில் இரண்டுமே கிடக்கும் என்பதால் மாற்றிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கும் சட்டென்று பிடிபடாது. அதனால் சொல்லின் முதலில் மெல்லிய ஒலி வந்தால் நோட்டில் அந்த எழுத்துக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'h' எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது. 'j' தொண்டையில் இருந்து வரும் கரகரப்பான ஹ, அதனால் தரைப்படை 'எஹெர்சித்தோ'. இரட்டை 'l' பெரும்பாலான இடங்களில் ய. இரட்டை 'r' வந்தால் நாக்கு நன்றாக உருள வேண்டும், நம் பள்ளித் தமிழாசிரியர்கள் 'பறை', 'அறை' என்று அழுத்திச் சொல்லித் தந்தார்களே, அதைவிடவும் கூடுதலாக. 'காரோ' என்றால் விலை அதிகம், நாக்கை உருட்டிக் 'கார்ரோ' என்றால் வண்டி.

இரண்டாவது: ஒரு வேரைப் பிடிப்பது

'அர்மா' என்றால் ஆயுதம். இதில் ஆரம்பியுங்கள். பெண்பால் சொல்தான், ஆனால் அழுத்தமான 'அ'வில் தொடங்குவதால் ஒருமையில் 'லா அர்மா' என்று வராது, 'எல் அர்மா' என்றுதான் வரும். பன்மையில் 'லாஸ் அர்மாஸ்' என்று பழையபடி ஆகிவிடும். கூட வரும் பெயரடை பெண்பாலாகவே இருக்கும்: கத்தி, வாள் வகையறாவுக்கு 'எல் அர்மா பிளாங்கா', சொல்லுக்குச் சொல் பார்த்தால் வெள்ளை ஆயுதம். துப்பாக்கி வகையறா 'அர்மா தே ஃபுவேகோ', நெருப்பு ஆயுதம். ஆயுதம் தரித்தவர் 'அர்மாதோ', கப்பற்படை 'அர்மாதா', கவசம் 'அர்மதூரா', உடம்பெல்லாம் ஓடு போட்ட அந்தச் சின்ன விலங்கு 'அர்மதீயோ', அதாவது குட்டிக் கவசக்காரன். 'ஆயுதத்தை எடு' என்ற கூப்பாடுதான் ஒட்டிக்கொண்டு 'அலார்மா' ஆனது, நாம் தினம் காலையில் வைக்கும் அலாரம் அதுதான்.

இதே குடும்பத்தில் ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார். துணி அலமாரிக்கு ஸ்பானிஷில் 'அர்மாரியோ'. லத்தீனில் கருவிகளும் ஆயுதங்களும் வைக்கும் பெட்டிக்கு இருந்த பெயர், போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்து அலமாரி ஆகிவிட்டது. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அர்மா ஞாபகத்துக்கு வரும். சிப்பாயும் அப்படித்தான், ஆனால் எதிர்த் திசையில் போனவர். பாரசீகத்தில் இருந்து இந்தியாவுக்கு வந்த சொல் போர்த்துக்கீசியர் வழியாக ஸ்பானிஷுக்குப் போய் 'சிப்பாயோ' ஆனது. அர்ஜென்டினாவில் யாரையும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், அந்நியருக்குக் கைக்கூலியாக இருப்பவன் என்று அங்கே அது கடுமையான வசை.

மூன்றாவது: இரட்டை அர்த்தச் சொற்கள், இதுதான் முக்கியமான வேலை

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் படை. நான் முதலில் எழுதிய வரி பொம்பாதான்: இடப்பக்கம் தண்ணீர் பம்பு, வலப்பக்கம் வெடிகுண்டு. தீயணைப்பு வீரருக்கு 'பொம்பேரோ' என்று பெயர் வந்தது இடப்பக்க அர்த்தத்தில் இருந்து, தண்ணீர் பம்போடு ஓடி வருகிறவர் என்பதால். 'கிரனாதா' இடப்பக்கம் மாதுளம்பழம், வலப்பக்கம் கையெறி குண்டு. ஒரு மாதுளையை உடைத்துப் பாருங்கள், தோலுக்குள் முத்துகள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

'கர்கதோர்' போன் சார்ஜர், துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் மேகசினும் அதுதான், இரண்டுமே எதையோ ஏற்றுகிறவை. 'கர்த்தூச்சோ' பிரிண்டரில் போடும் கார்ட்ரிட்ஜ், படையில் தோட்டா. 'மொர்த்தேரோ' சமையலறையில் பூண்டு இடிக்கும் உரல், படையில் குண்டை மேல்நோக்கி வீசும் குட்டை பீரங்கி. 'தாங்கே' மொட்டை மாடியில் இருக்கும் டேங்க், போர்க்களத்தில் பீரங்கி வண்டி. 'காசா' வேட்டை, அதையே ஆண்பாலாக்கி 'எல் காசா' என்றால் போர் விமானம். லத்தீன் அமெரிக்க உச்சரிப்பில் வீட்டுக்கும் இதே ஒலிதான், ஆனால் வீடு 'லா காசா' என்பதால் முன்னால் வரும் எல், லாவைக் கவனித்தால் போதும். 'பிளாங்கோ' வெள்ளை, படையில் குறி பார்க்கும் இலக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது விசைக்கு உள்ள பெயர். சுட விரல் வைக்கும் விசை 'கத்தியோ', பூனைக்கு 'காத்தோ' என்பதில் இருந்து வந்தது, குட்டிப் பூனை.

'கொஏத்தே' என்று ஒன்று, தீபாவளிக்குப் பாட்டிலில் வைத்து விடும் ராக்கெட்டும் அதுதான், விண்வெளிக்குப் போகும் ராக்கெட்டும் அதுதான். திப்புவின் படை பயன்படுத்திய மைசூர் ராக்கெட்டுகளுக்கும் அதே சொல். ஏவுகணை என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் 'மிசில்' வரும்.

இந்த இரட்டை அர்த்தங்களைத் தேட ஸ்பானிஷ் அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1713ல் தொடங்கிய கழகம் அது. அதில் ஒரு சொல்லைத் தேடினால் அர்த்தங்கள் எண் போட்டு வரும், ராணுவ அர்த்தத்துக்கு முன்னால் 'மில்' என்று சுருக்கக் குறி இருக்கும். அந்த ஒரு அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மேலே கீழே இருப்பதையும் படியுங்கள், நான் அன்றைக்குப் படித்திருந்தால் பம்பு என்று அங்கேயே எழுதியிருப்பது கண்ணில் பட்டிருக்கும்.

நான்காவது: தண்டுக்குள் ஒரு நடை

படைப்பிரிவுகளின் பெயர்கள் மனதில் நிற்காமல் ரொம்பத் தொல்லை கொடுத்தன. அப்புறம்தான் தோன்றியது, நாம் இருக்கும் பெங்களூரே கண்டோன்மென்ட் ஊர், அதாவது தண்டு என்கிற ராணுவக் குடியிருப்பு இருந்த ஊர், தெருப்பெயர்களே பாடப்புத்தகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்புங்கள். சிவாஜிநகர் பக்கம் இன்ஃபன்ட்ரி ரோடு, காலாட்படை, 'இன்ஃபன்த்தெரீயா'. கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்தில் இப்போது காமராஜர் பெயரில் இருக்கும் சாலைக்கு முன்பு கேவல்ரி ரோடு என்று பெயர், குதிரைப்படை, 'கபயெரீயா'. குதிரை 'கபாயோ' என்பதால் அந்தப் பெயர், மரியாதையாக ஒருவரை ஐயா என்று கூப்பிடும் 'கபயேரோ'வும் குதிரையில் இருந்து இறங்கி வந்ததுதான். பிரிகேட் ரோடு 'பிரிகாதா'. அல்சூரில் ஆர்ட்டிலரி ரோடு, பீரங்கிப்படை, 'அர்த்தியெரீயா'. ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.

அல்சூர் ஏரியோரம் மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் மையம் இருக்கிறது. 1780ல் இருந்து தொடரும் படை, அந்த வீரர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். சேப்பருக்கு ஸ்பானிஷில் 'சப்பதோர்', இரண்டும் ஒரே வேர், குழி தோண்டும் கருவியின் பெயரில் இருந்து வந்தவை. எங்கள் தெருவில் அந்தப் படையில் இருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஐயா ஒருவர் இருக்கிறார். முள்வேலியைத் தகர்க்கும் வெடிமருந்துக் குழாயான பெங்களூர் டார்பிடோ எப்படி வேலை செய்யும் என்று அவரிடம் கேட்டேன். திண்ணையில் கிடந்த மூன்று பிவிசி குழாய்த் துண்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்று மாட்டி, கோலம் போட்ட வாசலில் படுத்தவாக்கில் தள்ளிக் காட்டினார். "முள்வேலிக்கு அடியில இப்படி ஒண்ணொண்ணா மாட்டித் தள்ளிக்கிட்டே போகணும் தம்பி. நம்ம தலை இங்கேயே இருக்கும், குழாய் அங்கே போய்ச் சேர்ந்துடும்" என்றார். 1912ல் இதே ஊரில் அந்தப் படையின் கேப்டன் மக்லின்டாக் வடிவமைத்தது அது. ஸ்பானிஷிலும் அதற்கு 'தொர்ப்பேதோ பங்கலோரே' என்றே பெயர், ஊரின் பெயர் அப்படியே இருக்கிறது. தொர்ப்பேதோ என்பது முதலில் மின்சாரம் பாய்ச்சும் ஒரு திருக்கை மீனின் பெயர். முள்வேலிக்கு 'அலம்ப்ராதா', குழாய்க்கு 'தூபோ', தள்ளுவதற்கு 'எம்புஹார்', ஒரு ஐந்து நிமிடத்தில் அவர் வாசலில் இத்தனையும் எனக்குக் கிடைத்தன.

கண்டோன்மென்ட் 1809ல் உருவான அதே காலத்தில்தான் ஸ்பெயினில் நெப்போலியன் படைகளுக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்தது, 1808 முதல் 1814 வரை. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் போரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் அங்கேயும் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கினார். உள்ளூர் மக்கள் சின்னச் சின்னக் கூட்டமாக மறைந்திருந்து தாக்கினார்கள், அந்தச் சண்டைக்குப் பெயர் 'கெர்ரியா'. கெர்ரா என்றால் போர், கெர்ரியா சின்னப் போர். நாம் கெரில்லா என்று சொல்லும்போது ல வருகிறது, அங்கே ய. இன்னொரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: நம் செய்திகளில் 'கெரில்லாக்கள்' என்று ஆட்களைச் சொல்கிறோம், ஸ்பானிஷில் ஆளுக்கு 'கெர்ரியேரோ', கெர்ரியா என்பது போர்முறை அல்லது அந்தக் கூட்டம்.

ஐந்தாவது: சொல் செய்யும் அச்சுகள்

இரண்டே அச்சுகள் போதும், நூறு சொல் உங்கள் கையில். ஒன்று, 'ஆசோ' என்ற வால். ஒரு பொருளின் பெயரோடு இதை ஒட்டினால் அதனால் விழுந்த அடி. பாலாவில் இருந்து 'பலாசோ', துப்பாக்கிச் சூடு. கன்யோன் பீரங்கி, 'கன்யொனாசோ' பீரங்கி வெடிப்பு. ஹவானாவில் தினமும் இரவு 9 மணிக்குக் கோட்டையில் இருந்து பீரங்கி முழங்குவார்கள், அதற்கும் இதே பெயர்தான். அறைந்து சாத்திய கதவின் சத்தம் 'பொர்த்தாசோ', ஒரு அவசர போன் 'தெலெஃபொனாசோ'. அம்பு 'ஃபிளேச்சா', 'ஃபிளெச்சாசோ' என்றால் அம்பு பட்ட அடி, அதோடு பார்த்ததுமே காதல் வந்துவிடுவதும். மன்மதன் கணையை அங்கேயும் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது அச்சு, வினையையும் பன்மைப் பெயரையும் ஒட்டுவது. குடைக்கு 'பராகுவாஸ்', தண்ணீரைத் தடுப்பது. பாராசூட் 'பரக்கயீதாஸ்', விழுவதைத் தடுப்பது. விமானங்களைத் தூக்கிப் போகும் கப்பல் 'போர்த்தாவியோனெஸ்', மெய்க்காப்பாளர் முதுகைக் காப்பவர் என்பதால் 'குவர்தயெஸ்பால்தாஸ்'. கடைசியில் 'ஸ்' இருந்தாலும் ஒருமையும் பன்மையும் ஒன்றுதான், முன்னால் எல் வருகிறதா லோஸ் வருகிறதா என்று பாருங்கள்.

ஆறாவது: எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று முடிவு செய்வது

ஸ்பெயினில் 'கொமந்தாந்தே' என்பது மேஜர் பதவி, பல லத்தீன் அமெரிக்க நாடுகளில் அதற்கு 'மயோர்'. ஸ்பெயினில் 'பெலோத்தோன்' பிளட்டூனைவிடச் சின்னது, பிளட்டூனுக்கு அங்கே 'செக்ஸியோன்'. கொலம்பியாவில் பெலோத்தோன்தான் பிளட்டூன். டேங்குக்கு ஸ்பெயின் ராணுவத்தில் 'கார்ரோ தே கொம்பாத்தே' என்பார்கள். வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் எந்த நாட்டு ஆவணம் கைக்கு வருகிறதோ அந்த நாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் ஒரே மாதத்தில் கலக்காதீர்கள்.

ஏழாவது: நிறுத்தும் சொற்கள்

இதை விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான பயிற்சிப் பட்டியல்கள் ஆயுதப் பெயர்களோடு முடிந்துவிடுகின்றன, ஆனால் இந்தச் சொற்கள் நிஜமாகப் பலர் உயிரோடு சம்பந்தப்பட்டவை. 'பாஸ்' அமைதி, 'த்ரேகுவா' தற்காலிகப் போர்நிறுத்தம், 'ஆல்த்தோ எல் ஃபுவேகோ' சண்டை நிறுத்தம், 'தெஸ்மினாதோ' கண்ணிவெடி அகற்றுதல். 2016ல் கொலம்பிய அரசும் ஃபார்க் என்ற கெரில்லா இயக்கமும் செய்த ஒப்பந்தத்தில் 'சரணடைதல்' என்று எழுதவில்லை, 'தெஹசியோன் தே அர்மாஸ்' என்று எழுதினார்கள், ஆயுதத்தை விட்டுவிடுதல். எந்தச் சொல்லைப் போடுவது என்பதற்கே அவர்கள் எவ்வளவு யோசித்திருப்பார்கள். அந்த ஆயுதங்களை உருக்கி கொலம்பியா, நியூயார்க், கியூபா என மூன்று இடங்களில் நினைவுச் சின்னம் செய்வது என்றும் அதில் ஒப்புக்கொண்டார்கள்.

தினப்படிப் பழக்கம்

ஒரு நாளைக்கு ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். ஐந்தும் இரு பக்க நோட்டில் வர வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வீட்டு வாக்கியம் ஒன்று, படை வாக்கியம் ஒன்று. மாலையில் ஒரு ஸ்பானிஷ் செய்தித் தலைப்பை எடுத்து அதில் எந்தப் பக்கத்து அர்த்தம் என்று அடையாளம் காணுங்கள். நம்ம மெட்ரோவிலோ விமான நிலையத்திலோ சத்தமாகச் சொல்லிப் பழகாதீர்கள், பொம்பா என்ற ஒலி பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று யோசியுங்கள். பயணத்தில் எழுதுங்கள், வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் இந்த மூன்று வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'லா பொம்பா தே ஆகுவா எஸ்தா ரோத்தா.' 'எல் கர்கதோர் எஸ்தா பசீயோ.' 'கொம்ப்ரே தோஸ் கிரனாதாஸ் என் எல் மெர்காதோ.' முதலாவதில் ஆகுவா, தண்ணீர், அது போதும், பம்பு உடைந்திருக்கிறது. மூன்றாவதில் மெர்காதோ, சந்தை, அதனால் வாங்கியது இரண்டு மாதுளை. நடுவில் இருப்பதில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். பசீயோ என்றால் காலி. போன் சார்ஜர் காலியாக இருக்காது, தோட்டா தீர்ந்த மேகசின்தான் காலியாக இருக்கும். எந்தச் சொல் உங்களுக்கு விடையைக் காட்டிக் கொடுத்ததோ, அதை நோட்டின் நடுக்கோட்டின் மேலேயே எழுதி வையுங்கள்.